மரபணு ரிப்போர்ட்டும் ரத்தக்கசிவும்: ஹீமோஃபிலியா குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், உள்ள குழந்தைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து மரபணு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது பல வருஷமாக என் வேலை. ரிப்போர்ட் ஆளுக்கு ஆள் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. அறையில் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் பாதியை மறந்துவிடுகிறார்கள். அது அவர்கள் தவறில்லை, அந்த நேரத்தில் மனசு வேறெங்கோ இருக்கும். நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ரிப்போர்ட்டில் 'மியூட்டேஷன்' என்று இருப்பதை இங்கே மரபணு மாற்றம் என்று எழுதுகிறேன்.

"சிவியர்னு எழுதியிருக்காங்க. அடிபட்டா ரத்தம் நிக்கவே நிக்காதுன்னு அர்த்தமா?"

இல்லை. அந்தச் சொல், ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் என்ற புரதம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. நோய் இல்லாதவர்களின் சராசரியை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பது சிவியர், 1 முதல் 5 வரை மாடரேட், 5-க்கு மேல் 40-க்குள் மைல்ட்.

விரலில் பட்ட சின்னக் கீறல் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அதை அடைக்கத் தட்டணுக்களே போதும். பயப்பட வேண்டியது உள்ளே கசிவதைத்தான்: முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகள், ஆழமான தசைகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்குள். சிவியர் குழந்தைக்கு அடிபடாமலே மூட்டுக்குள் கசியலாம். காலையில் எழுந்த பிள்ளை ஒரு காலை ஊன்ற மாட்டேன் என்று நிற்கும். தொட்டுப் பார்த்தால் அந்த முழங்கால் மட்டும் சூடாக, மடங்காமல், உப்பலாக இருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. மாடரேட்டில் இது பெரும்பாலும் ஏதாவது அடிக்குப் பிறகு வரும். மைல்டில் பல் பிடுங்கும்போதோ ஆபரேஷனின்போதோதான் பலருக்கு நோயே தெரியவரும்.

"ஏ-ன்னும் பி-ன்னும் சொல்றாங்களே, எது மோசம்?"

ஏ என்றால் ஃபேக்டர் 8 குறைவு, பி என்றால் ஃபேக்டர் 9 குறைவு. இரண்டு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கின்றன. ஃபேக்டர் 8-இன் மரபணு மிகப் பெரியது, ஏறக்குறைய 1,86,000 டிஎன்ஏ எழுத்துகள், 26 எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்). ஃபேக்டர் 9-இன் மரபணு சிறியது, சுமார் 33,000 எழுத்துகள், 8 எக்ஸான்கள்.

கசிவு எவ்வளவு என்பதை ஏ, பி என்ற பெயரைவிட ஃபேக்டர் அளவுதான் தீர்மானிக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவியர் ஏ-யில் பெரும்பாலும் ஃபேக்டரே உருவாகாத அளவுக்கு மரபணு உடைந்திருக்கும். பி-யில் ஒற்றை எழுத்து மாற்றங்கள்தான் அதிகம். இன்ஹிபிட்டர் (போடும் ஃபேக்டரை எதிர்த்து உடம்பு உருவாக்கும் பொருள்) பற்றிய கேள்விகளில் இது மறுபடியும் வரும்.

"மரபணு மாற்றம்னா என் பையன் உடம்புக்குள்ள என்னதான் ஆகியிருக்கு?"

மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த பாடம். செல் அதைப் படித்து ஃபேக்டரைச் செய்கிறது. பாடத்தில் எங்கே, எந்த மாதிரிப் பிழை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சில பக்கங்கள் மொத்தமாகக் கிழிந்துபோயிருக்கலாம். நடுவில் 'இங்கே நிறுத்து' என்று ஒரு குறி விழுந்து, மீதி வாசிக்கப்படாமல் போகலாம். ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கலாம். இந்த மூன்றிலும் உருப்படியான ஃபேக்டர் வராது, பெரும்பாலும் சிவியர்தான்.

நான்காவது வகை, ஒரே ஒரு எழுத்து மாறுவது. 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதினாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும். அதுவே ல-வுக்குப் பதில் ழ விழுந்து 'தலை' என்பது 'தழை' ஆனால் பொருளே போய்விடும். ஒற்றை எழுத்து மாற்றங்கள் மைல்ட், மாடரேட், சிவியர் மூன்றிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மைல்ட், மாடரேட் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வகைதான் இருக்கும்.

"இன்ட்ரான் 22 இன்வெர்ஷன்னு போட்டிருக்கு. இது ரொம்ப அபூர்வமானதா? நெட்ல தேடிப் பயந்துட்டோம்."

அபூர்வமே இல்லை. இன்வெர்ஷன் என்றால் தலைகீழ்த் திருப்பம். சிவியர் ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஃபேக்டர் 8 மரபணுவின் 22-ஆவது இன்ட்ரானுக்குள் (எக்ஸான்களுக்கு நடுவே வரும் பகுதிதான் இன்ட்ரான்) ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கிறது. அதே போன்ற துண்டுகள் இரண்டு, அதே குரோமோசோமின் நுனிப்பக்கம் தள்ளி இருக்கின்றன. ஒன்று போலவே இருப்பதால் சில சமயம் இவை தவறாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. அப்போது இடையில் உள்ள பகுதி அப்படியே தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. மரபணு இரண்டு துண்டாகப் பிரிந்து, 1 முதல் 22 வரையான எக்ஸான்கள் ஒரு திசையிலும் மீதி நான்கு வேறு திசையிலும் நிற்கும். எழுத்து எதுவும் தொலையவில்லை, ஆனால் தொடர்ச்சியாகப் படிக்க முடியாது. அதனால் சிவியர். 1-ஆவது இன்ட்ரானிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு, அது மிகச் சிலருக்கே.

சாதாரணமாக எழுத்து எழுத்தாகப் படிக்கும் சோதனையில் இந்தத் திருப்பம் தெரியாது, ஏனென்றால் எழுத்துகள் சரியாகவே இருக்கின்றன. இதற்குத் தனிச் சோதனை வேண்டும். சிவியர் ஏ குழந்தைக்கு 'மாற்றம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நான் முதலில் கேட்பது, இன்வெர்ஷன் சோதனை செய்தார்களா என்பதைத்தான்.

"ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்காம். அப்ப லேசானதுதானே?"

எழுத்தின் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது, எந்த இடம் என்பதுதான் முக்கியம். ரஷ்ய இளவரசர் அலெக்ஸியின் கதை இதற்கு நல்ல உதாரணம். விக்டோரியா மகாராணியின் வழியில் வந்த நோய் அவருக்கு இருந்தது. அது ஏ-யா பி-யா என்பதே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2009-இல் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வைச் சோதித்தபோது அது ஹீமோஃபிலியா பி என்று தெரிந்தது. மாறியிருந்தது ஒரே ஒரு எழுத்து. ஆனால் அது ஒரு எக்ஸானை அடுத்ததோடு ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒட்டு தப்பியதால் புரதமே கெட்டது.

ஆகவே மாற்றத்தின் பெயரோடு குழந்தையின் ஃபேக்டர் அளவையும் சேர்த்தே படியுங்கள்.

"எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்குமே கிடையாது. அப்புறம் எப்படி வந்துச்சு? கர்ப்பமா இருந்தப்ப நான் ஏதாவது செஞ்சதாலயா?"

இல்லை. நீங்கள் சாப்பிட்டது, வேலை பார்த்தது, கவலைப்பட்டது எதனாலும் இல்லை. பல அம்மாக்கள் இதைக் கடைசியில், கிளம்பும்போது, மெதுவாகக் கேட்பார்கள். அதனால்தான் இங்கே முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குக் குடும்பத்தில் முன்கதை இருக்காது. மாற்றம் ஒரு தலைமுறையில் புதிதாகத் தோன்றுகிறது, ஆனால் அது பெரும்பாலும் குழந்தையிடம் தோன்றுவதில்லை. மேலே சொன்ன இன்ட்ரான் 22 திருப்பம் விந்து உருவாகும்போதுதான் அதிகம் நடக்கிறது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் அவை ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து நிற்கும். ஆணின் எக்ஸுக்கு அந்த மாதிரி முழுத்துணை கிடையாது, அதனால் தன் மேலேயே மடங்கிக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. ஆக, தாத்தாவின் விந்தணுவில் நடந்த மாற்றம், அவர் மகளிடம் சத்தமில்லாமல் இருந்து, பேரனிடம் வெளிப்படுகிறது. முன்கதை இல்லாவிட்டாலும் அம்மாவுக்குக் கட்டாயம் சோதனை செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாற்றம், ரெண்டு பேரும் சிவியர். ஆனா பெரியவனுக்குத்தான் அடிக்கடி மூட்டு வீங்குது. ஏன்?"

பெற்றோர் கவனித்துச் சொல்லும் இந்த விஷயம் முற்றிலும் உண்மை. சிவியர் என்று எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோருக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் கசிகிறது. மரபணு மாற்றம் ஃபேக்டர் அளவை முடிவு செய்கிறது. ரத்தம் உறைவதில் ஃபேக்டர் 8-உம் 9-உம் மட்டுமா இருக்கின்றன? பல புரதங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. அவற்றில் சில அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தம்பிக்கு வேறு மாதிரியும் வாய்க்கும். ஃபேக்டர் 5 லைடன் போன்ற, ரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கும் மாற்றம் ஒருவனுக்குக் கூடுதலாக இருந்தால் கசிவு கொஞ்சம் குறையலாம்.

ஊசியில் போடும் ஃபேக்டர் மருந்து உடம்பில் தங்கும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற புரதம்தான் ஃபேக்டர் 8-ஐக் கைப்பிடித்துச் சுமந்து திரிகிறது. ஓ ரத்த வகைக்காரர்களிடம் அது குறைவு, அதனால் போட்ட ஃபேக்டர் 8 அவர்களிடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்புறம், ஒருவன் நாள் முழுக்கக் குதிப்பவன், இன்னொருவன் உட்கார்ந்து படம் வரைபவன். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கசிந்த மூட்டில் உள்சவ்வு தடித்து, புது ரத்தக்குழாய்கள் முளைத்து, மறுபடி அதே இடத்தில் கசிவது சுலபமாகிவிடும். பெரியவனின் கதையில் இதுவும் இருக்கலாம். அவனுக்குத் தடுப்பு சிகிச்சை, அதாவது கசியும்வரை காத்திருக்காமல் முறையாக மருந்து போடுவது, எந்த வயதில் தொடங்கியது என்று பாருங்கள்.

"ஒன்றரை வயசாச்சு, சிவியர்னு சொல்றாங்க, ஒரு தடவைகூட மூட்டு வீங்கல. வீங்கினதுக்கப்புறம் தடுப்பு சிகிச்சை ஆரம்பிச்சா போதாதா?"

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு: காத்திருக்காதீர்கள். மூட்டுக்கசிவு பெரும்பாலும் குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும் 1 முதல் 2 வயதில்தான் ஆரம்பமாகும். இதுவரை வரவில்லை என்பதால் இனி வராது என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன, சிவியராக இருந்தும் குறைவாகக் கசிகிற அதிர்ஷ்டக்காரர்களில் உங்கள் குழந்தை ஒருவனா என்பதை இந்த வயதில் எந்த மரபணு ரிப்போர்ட்டும் சொல்லாது.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டரை வயதுக்குட்பட்ட 65 சிவியர் ஏ சிறுவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முறையாகத் தடுப்பு சிகிச்சை, மற்றதற்குக் கசியும்போது மட்டும் மருந்து. 6 வயதில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 93 சதவீதம் பேருக்கு மூட்டுகள் நன்றாக இருந்தன. இரண்டாவதில் 55 சதவீதம் பேருக்குத்தான். வெளியே வீக்கமே தெரியாத மூட்டுகளிலும் சேதம் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் உலுக்கியது. 3 வயதுக்கு முன், மூட்டு கெடுவதற்கு முன் தொடங்க வேண்டும் என்பதுதான் இன்றைய நடைமுறை.

"ரிப்போர்ட்ல இருக்கிற மாற்றம் சிவியர் வகைங்கறாங்க. ஆனா ஃபேக்டர் 2 சதவீதம் இருக்கே. லேப் தப்பா?"

தப்பாக இருக்க வேண்டியதில்லை. டிஎன்ஏ எழுத்துகளை செல் மூன்று மூன்றாகப் படிக்கிறது. ஓர் எழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பின்னால் எல்லாமே குலைந்துபோகும், எனவே கணக்குப்படி சிவியர். ஆனால் ஃபேக்டர் 8 மரபணுவின் 14-ஆவது எக்ஸானில் 'ஏ' என்ற ஒரே டிஎன்ஏ எழுத்து (நோயின் பெயரில் வரும் ஏ இல்லை) எட்டு ஒன்பது முறை வரிசையாக வரும் இடங்கள் உண்டு. அங்கே ஓர் 'ஏ' குறைந்திருந்தால், படியெடுக்கும்போது செல் அவ்வப்போது சறுக்கி ஓர் 'ஏ'-வைக் கூடுதலாகப் போட்டுவிடும். அந்தச் சில பிரதிகள் சரியாகிவிடும். பிழையின் மேல் நடந்த பிழை கொஞ்சம் ஃபேக்டரைத் தருகிறது. 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை போலத் தெரியும். மூட்டுக்கு அது பெரிய விஷயம்.

"ஒரு லேப்ல ஃபேக்டர் 8 நார்மல், இன்னொண்ணுல குறைவு. எதை நம்புறது?"

முதலில் இரண்டு லேபும் ஒரே முறையில் அளந்தார்களா என்று பாருங்கள். ஒன்-ஸ்டேஜ், குரோமோஜெனிக் என்று இரண்டு முறைகள் உண்டு. மைல்ட் ஏ உள்ளவர்களில் கணிசமானோருக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும், அதற்குக் காரணமே மரபணு மாற்றம்தான். சில ஒற்றை எழுத்து மாற்றங்களில் ஃபேக்டர் 8 நன்றாக உருவாகி, வேலையும் தொடங்கும், ஆனால் அதன் பாகங்கள் சீக்கிரம் கழன்றுவிடும். ஒன்-ஸ்டேஜ் முறை அதைப் பிடிக்காமல் நார்மல் என்று சொல்லிவிடலாம். குரோமோஜெனிக் முறை அதிக நேரம் எடுப்பதால் பிடித்துவிடும். இதற்கு நேர்மாறான மாற்றங்களும் உண்டு. குழந்தைக்கு உண்மையிலேயே கசிகிறது என்றால் 'நார்மல்' என்ற ஒற்றைத் தாளோடு திரும்பிவிடாதீர்கள், இரண்டு முறையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

"மைல்ட் ஏ-ன்னு சொன்னாங்க. ஃபேக்டர் 8 மரபணுவுல ஒண்ணுமே இல்லையாம். என் பொண்ணுக்கும் அதே மாதிரி கசியுது."

ஆணும் பெண்ணும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டால் வான் வில்லிபிராண்ட் நோயின் 2என் வகையைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் புரதம் ஃபேக்டர் 8-ஐச் சுமக்கிறது என்று முன்பே சொன்னேன். அதில் ஃபேக்டர் 8 ஒட்டும் இடம் கெட்டுப்போனால், மரபணு நன்றாக இருந்தும் ஃபேக்டர் 8 ரத்தத்தில் தங்காது. அளந்தால் மைல்ட் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் மருந்தும் வேறு, குடும்பத்தில் பரவும் வழியும் வேறு. இதற்கும் தனிச் சோதனை உண்டு.

"இன்ஹிபிட்டர் வருமா வராதான்னு மரபணுவை வெச்சே சொல்லிட முடியுமா?"

முடிவாகச் சொல்ல முடியாது, வாய்ப்பைச் சொல்லலாம். இன்ஹிபிட்டர் என்பது நாம் போடும் ஃபேக்டரை உடம்பு அந்நியமாக நினைத்து உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். தன் ஃபேக்டரை ஒருபோதும் பார்க்காத உடம்புக்கு வெளியிலிருந்து வருவது புது ஆளாகத் தெரிகிறது. அதனால் மரபணுவின் பெரும்பகுதியே காணாமல் போனவர்களுக்கு வாய்ப்பு மிக அதிகம், பாதிக்கும் மேல். இன்ட்ரான் 22 திருப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். ஒற்றை எழுத்து மாற்றத்தில் சுமார் 5 சதவீதம்.

அண்ணனுக்கு வந்திருந்தால் தம்பிக்கும் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலும் மருந்து போடும் முதல் 50 நாட்களுக்குள் வரும். அதாவது, காலண்டர் நாள் இல்லை, ஊசி போட்ட நாட்களின் கணக்கு. அந்தக் காலத்தில் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். குழந்தை அழும், உங்களுக்கும் வலிக்கும், ஆனாலும் தவறவிடாதீர்கள். வழக்கமாகக் கேட்கும் டோஸுக்குக் கசிவு அடங்கவில்லை என்றால் அடுத்த சோதனைத் தேதிவரை பொறுக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். இன்ஹிபிட்டர் வந்தாலும் வழி இருக்கிறது. ஹீமோஃபிலியா ஏ-க்கு 2017-இல் அங்கீகாரம் பெற்ற எமிசிசுமாப், ஃபேக்டர் 8 செய்யும் இணைப்பு வேலையை வேறு வழியில் செய்கிறது. அதற்கு இன்ஹிபிட்டரும் தடையில்லை, எந்த மரபணு மாற்றம் என்பதும் பொருட்டில்லை.

"எங்க பையனுக்கு பி. அதுல இன்ஹிபிட்டர் குறைவுதானே?"

குறைவுதான், ஒற்றை எழுத்து மாற்றங்கள் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் ஃபேக்டர் 9 மரபணுவே காணாமல் போன குழந்தைகளிடம் வேறு ஆபத்து இருக்கிறது: மருந்து போட்டதும் மூச்சுத்திணறல், உடம்பு தடிப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று கடுமையான ஒவ்வாமை வரலாம். சில சமயம் இன்ஹிபிட்டரின் முதல் அடையாளமே அதுதான். இந்த வகை மாற்றம் என்று தெரிந்தால் முதல் பல டோஸ்களை வீட்டில் போடக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் உடனடியாகப் பயன்படும் இடம் இது.

"வயசுக்கு வந்தா தானா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?"

ஒரே ஒரு வகைக்கு உண்மை. ஹீமோஃபிலியா பி லைடன் என்று பெயர், 1970-இல் நெதர்லாந்தில் விவரித்தார்கள். அதில் புரதம் பற்றிய பாடத்தில் பிழை இல்லை, பாடத்தைத் திறக்கும் முகப்பில் இருக்கிறது பிழை. சிறு வயதில் சிவியராக இருந்தவனுக்குப் பருவ வயதில் ஆண் ஹார்மோன் ஏற ஏற ஃபேக்டர் 9-உம் ஏறி, கசிவு நின்றே போகலாம். ஆனால் அதே முகப்பில் வேறோர் இடத்தில் மாற்றம் இருந்தால் இப்படி ஏறாது. ஆகவே எந்த எழுத்து என்று பார்க்காமல் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. மற்ற யாருக்கும் வயது ஏறுவதால் இது சரியாகாது. வேறு ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: பிறந்த குழந்தைகள் எல்லோருக்குமே ஃபேக்டர் 9 குறைவாகத்தான் இருக்கும். பிறந்தவுடன் 'மைல்ட் பி' என்று சொல்லியிருந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

"பொண்ணு கேரியர்தான், அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகலாம். கேரியர் என்றால் இரண்டு எக்ஸில் ஒன்றில் மாற்றத்தைச் சுமப்பவள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடும். எது அணைவது என்பது தற்செயல். நல்ல எக்ஸ் அதிக செல்களில் அணைந்துபோனால் ஃபேக்டர் 40-க்குக் கீழே, சிலருக்கு மிகவும் கீழேகூடப் போகும். எந்த மரபணு மாற்றம் என்பதை வைத்து அவளுடைய அளவைக் கணிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் வயதுக்கு வருவதற்கு முன்பே. மாதவிடாயில் மிக அதிகமாகப் போகிறது என்று சொல்லும் பெண்ணிடம் 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பியதால் வருஷக்கணக்கில் ரத்தசோகையோடு இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு டெஸ்ட்ல மாற்றம் இல்லைன்னு வந்திருச்சு. அப்ப அடுத்த குழந்தைக்குப் பயமே இல்லையே?"

கேரியர் என்று உறுதியானால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்க பாதி வாய்ப்பு. இல்லை என்று வந்தால் வாய்ப்பு மிகவும் குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை. ரத்தத்தில் இல்லாத மாற்றம் சில கருமுட்டைகளில் மட்டும் இருக்கலாம். அடுத்த கர்ப்பத்தின்போது இதை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

"மரபணு சிகிச்சை வந்தாச்சே, எங்க பையனோட மாற்றத்துக்கு அது சரிப்படுமா?"

இப்போதுள்ள சிகிச்சை பழைய பிழையைத் திருத்துவதில்லை. வேலை செய்யும் ஒரு பிரதியைக் கல்லீரல் செல்களுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. அதனால் எந்த மாற்றம் என்பது பெரிய தடையில்லை. பி-க்கான சிகிச்சையில் வைக்கும் பிரதி, 2009-இல் விவரிக்கப்பட்ட பாதுவா என்ற மாற்றம் கொண்டது. இயற்கையில் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் கண்டது, வழக்கத்தைவிடச் சுமார் எட்டு மடங்கு வேகமாக வேலை செய்வது. ஒரு மரபணு மாற்றமே மருந்தானது எனக்கு இன்றும் வியப்புதான். 2022-இல் இரண்டு வகைக்கும் அங்கீகாரம் வந்தது, பெரியவர்களுக்கு மட்டும். குழந்தையின் கல்லீரல் வளரும்போது செல்கள் பெருகி, வைத்த பிரதி நீர்த்துப்போகும். அவன் வளரும்வரை அவன் மூட்டுகளைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் இப்போது நம் கையில் இருக்கும் வேலை.

"ரிப்போர்ட் வர நாளாகும்ங்கறாங்க. அதுவரை என்ன பண்றது?"

சிகிச்சைக்கு ரிப்போர்ட் தேவையில்லை, ஃபேக்டர் அளவு போதும். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள், மெல்லிய ஊசியில் போட்டு அந்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மாற்றத்தின் முழுப்பெயர் உள்ள பக்கத்தை நகலெடுத்து, அம்மாவின் அக்கா தங்கைகளுக்கும் சித்திமார் மகள்களுக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குச் சோதனை செய்யும்போது மரபணு முழுவதையும் துழாவ வேண்டாம், அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்.